ஐந்தாந் தரப் புலமைப்பரிசிலும் பெற்றோரின் எதிர்பார்ப்பும்

காணியை இழந்த குடும்பத்துக்குக் கல்விதான் காணி. இடம்பெயர்ந்து வாழும் எமது மக்களிடையே இந்த எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களும், 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்திலிருந்து இரவோடிரவாக நடந்தவர்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள்ளே இடம்விட்டு இடம் அலைந்தவர்களும் வீடு, கிணறு, மாடு கன்று, நீர் இறைக்கும் இயந்திரம், விதைநெல் எல்லாவற்றையும் விட்டுவிட்டே வந்தார்கள். பிள்ளைகள் படித்த எழுத்தும் கணக்கும் மட்டும் அவர்களோடு கூட வந்தன. அதை எந்த எறிகணையாலும் பறிக்க முடியவில்லை.

ஆகவே, குத்தகைக் காணியில் வெங்காயம் நட்டும், மற்றவர் வயலில் கூலிக்கு அரிவு வெட்டியும் பிழைக்கின்ற தாய் தந்தையர் தம் பிள்ளையின் படிப்பில் நம்பிக்கை வைப்பது நியாயமானது. ஆனால் அந்த நம்பிக்கை முழுவதையும் பத்து வயதுப் பிள்ளை ஒன்று ஒரு காலைப் பொழுதில் எழுதும் ஒரேயொரு பரீட்சையின் மேல் ஏற்றிவிடும்போது, பாரம் பிள்ளைக்குத் தாங்க முடியாததாகிவிடுகிறது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எதற்காக வந்தது, அதன் புள்ளி எதைக் காட்டுகிறது, பெற்றோர் பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

பரீட்சை எதற்காக வந்தது?

இலங்கையில் இலவசக் கல்வி 1945 இல் நடைமுறைக்கு வந்தது. அன்று கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா, நல்ல பாடசாலைகள் நகரங்களில் மட்டும் இருந்தால் கிராமத்து ஏழைப் பிள்ளைக்கு இலவசக் கல்வியால் பெரிய பயன் இல்லை என்பதை உணர்ந்திருந்தார். எனவே கிராமப் பகுதிகளில் மத்திய பாடசாலைகள் திறக்கப்பட்டன. தூர இடங்களிலிருந்து வரும் திறமையான ஏழைப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, விடுதி வசதியோடு அங்கே படிக்க வைப்பதற்காக 1940களில் ஏற்பட்ட ஒழுங்குதான் புலமைப்பரிசில் பரீட்சை.

இன்றும் அதற்கு இரண்டு நோக்கங்கள் உண்டு. முதலாவது, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாதாந்தம் ஓர் உதவிப் பணம் கொடுப்பது. இரண்டாவது, ஆறாந் தரத்தில் வசதி கூடிய பாடசாலைகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்வது. இவ்விரண்டுக்கும் அப்பால் இப்பரீட்சைக்கு வேறு வேலை இல்லை. ஒரு பிள்ளை கெட்டிக்காரனா மொக்கனா என்று தீர்ப்புக் கூறுவதற்காக எவரும் இதை ஏற்படுத்தவில்லை. பிள்ளை ஆறாந் தரத்துக்குப் போவதற்கு இதில் சித்தியடைய வேண்டியதும் இல்லை. பரீட்சை கட்டாயமானதல்ல என்று கல்வி அமைச்சும் அறிவித்திருக்கிறது. கட்டாயமாக உள்ளது பாடசாலைக் கல்விதான். 2016 தொடக்கம் பிள்ளைகள் 16 வயது வரை பாடசாலையில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

புள்ளியை எப்படி வாசிப்பது?

பரீட்சைக்கு இரண்டு வினாப்பத்திரங்கள். ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளியாக மொத்தம் 200. முதலாம் பத்திரம் பிள்ளையின் நுண்ணறிவைப் பார்ப்பது. இரண்டாம் பத்திரம் தாய்மொழி, கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் முதலிய பாடங்களில் பிள்ளை கற்றதைப் பார்ப்பது. பெறுபேறு வரும்போது வெட்டுப்புள்ளி என்று ஒன்று அறிவிக்கப்படுகிறது. அது மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறுபடும். ஆண்டுக்கு ஆண்டும் மாறும்.

இந்த வெட்டுப்புள்ளி எங்கிருந்து வருகிறது என்பதைப் பெற்றோர் விளங்கிக்கொள்வது முக்கியம். இத்தனை புள்ளி எடுத்தால் பிள்ளைக்கு அறிவு போதும் என்று கணக்கிட்டு எவரும் அதை நிர்ணயிப்பதில்லை. கொடுப்பதற்கு உள்ள புலமைப்பரிசில்களின் தொகை மட்டானது. அதற்கேற்ப, மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்து ஓரிடத்தில் கோடு கிழிக்கப்படுகிறது. நிவாரணப் பொருட்கள் 50 குடும்பங்களுக்கு மட்டும் வந்திருக்க 300 குடும்பங்கள் வரிசையில் நின்றால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஐம்பத்தோராவது ஆளுக்குப் பொருள் கிடைக்காமல் போவது அவர் செய்த குற்றத்தினால் அல்ல, பொருள் முடிந்துவிட்டதனால்தான்.

2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொரு தடவையும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இப்பரீட்சையை எழுதினார்கள். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர். அதாவது ஆறு பிள்ளைகளில் ஒரு பிள்ளை. உங்கள் ஊர்ப் பாடசாலையில் ஐந்தாந் தரத்தில் 30 பிள்ளைகள் இருந்தால், நாட்டின் சராசரிப்படி 5 பேர் தாண்டுவார்கள், 25 பேர் தாண்டமாட்டார்கள். அடுத்த வருடம் முப்பது பிள்ளைகளும் இருமடங்கு உழைத்தாலும், நாடு முழுவதும் மற்றப் பிள்ளைகளும் அதேபோல உழைத்தால் கோடு இன்னும் மேலே போகுமே தவிர, தாண்டுபவர்களின் தொகை பெரிதாகக் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் வெல்லக்கூடியதாக இந்தப் பரீட்சை அமைக்கப்படவில்லை.

இன்னுமொரு கணக்கையும் பாருங்கள். முதலாம் பத்திரத்தில் 40 வினாக்கள். ஆகவே ஒரு வினாவுக்குச் சராசரியாக இரண்டரைப் புள்ளி. வெட்டுப்புள்ளி 140 என்று வைத்துக்கொள்வோம். 141 எடுத்த பிள்ளைக்கும் 139 எடுத்த பிள்ளைக்கும் இடையில் உள்ளது ஒரு வினாவின் வித்தியாசம் கூட இல்லை. ஒரு பிள்ளையின் பென்சில் முனை உடைந்திருக்கலாம். ஒரு பிள்ளைக்குக் காலையில் காய்ச்சல் இருந்திருக்கலாம். ஆனால் 141 எடுத்த பிள்ளையின் வீட்டில் கேக் வெட்டுகிறார்கள், 139 எடுத்த பிள்ளையின் வீட்டில் அடுப்பு மூட்டாமல் இருக்கிறார்கள். இந்த இரண்டு வீடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் புள்ளி உண்டாக்கவில்லை. நாம்தான் உண்டாக்குகிறோம்.

திணைக்களம் பெறுபேற்றை வெளியிடும்போது, 70 புள்ளியும் அதற்கு மேலும் எடுத்தவர்களின் தொகையையும் சொல்கிறது. அண்மைய ஆண்டுகளில் நான்கில் மூன்று பங்கினர் இதில் அடங்கியிருக்கிறார்கள். பிள்ளை ஆரம்பக் கல்வியில் அடிப்படையைப் பெற்றிருக்கிறதா என்று அறிய விரும்பும் பெற்றோர் முதலில் கவனிக்க வேண்டியது இந்த எல்லையைத்தான். இதற்குக் கீழே நிற்கும் பிள்ளைக்கு எமது உதவி உடனடியாகத் தேவை. ஆனால் ஊரில் 145 எடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசுபவர்கள் பலர், 50 எடுத்த பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் சிலர் என்பதே நிலைமை.

இடம்பெயர்ந்த வீட்டில் பாரம் ஏன் கூடுகிறது?

எல்லாப் பெற்றோருக்கும் எதிர்பார்ப்பு உண்டு. ஆனால் இடம்பெயர்ந்த குடும்பங்களில் அது கனமாக இருப்பதற்குச் சில தனிக் காரணங்கள் உள்ளன.

முதலாவது, பெற்றோரின் சொந்த இழப்பு. 1995 இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று நாற்பது வயது தாண்டிவிட்டது. அவர்களில் பலர் இப்போது ஐந்தாந் தரப் பிள்ளைகளின் தாய் தந்தையர். மரத்தடி வகுப்பிலும், ஒரே பாடசாலையில் பின்னேரம் நடந்த இரண்டாம் நேர வகுப்பிலும் படித்தவர்கள் இவர்கள். 2009 ஓகஸ்ட்டில் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாம்களுக்குள்ளேயே பரீட்சை நிலையங்கள் அமைத்துப் புலமைப்பரிசில் பரீட்சை நடந்தது. அன்று பெற்றோரைப் பறிகொடுத்த துயரத்தோடு வினாத்தாளைப் பார்த்த பிள்ளைகளும் இன்று குடும்பக்காரர். தமக்குத் தவறிப்போனதைத் தம் பிள்ளை பெற்றுத்தர வேண்டும் என்று மனம் ஏங்குவது இயல்பே. எனினும், போர் எங்களிடமிருந்து பறித்த கடனைப் பத்து வயதுப் பிள்ளையிடம் அறவிட முடியாது.

இரண்டாவது, மானம். வந்து குடியேறிய இடத்தில், "அகதிப் பிள்ளை" என்ற சொல்லைக் கேட்ட குடும்பங்கள் பல. பிள்ளையின் புள்ளி உயர்ந்தால் தாமும் ஊரவருக்குச் சமமாகத் தலை நிமிரலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். பாடசாலை மதிலில் தொங்கும் பதாகையில் பிள்ளையின் படம் வர வேண்டும் என்பது இதனால்தான்.

மூன்றாவது, ஒப்பீடு. கொழும்பிலும் வெளிநாட்டிலும் உள்ள உறவினர் தொலைபேசியில் முதலில் கேட்பது, "எத்தனை புள்ளி?" என்பதுதான். பிள்ளைக்குச் சாப்பாடு போதுமா, இரவில் வெளிச்சம் இருக்கிறதா, பாடசாலைக்கு எத்தனை மைல் நடக்கிறது என்று கேட்பவர் குறைவு.

இந்த மூன்று காரணங்களிலும் பிள்ளையின் தேவை ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றும் பெரியவர்களின் காயங்கள். அவற்றுக்கு மருந்து வேண்டியதுதான். ஆனால் பிள்ளையின் புள்ளி அந்த மருந்தாகாது.

எல்லாப் பயிரும் ஒரு நாளில் விளைவதில்லை

நெல்லில் மூன்று மாத இனம் உண்டு, மூன்றரை மாத இனம் உண்டு, நான்கு மாத இனமும் உண்டு. மூன்றையும் ஒரே நாளில் விதைத்து, மூன்றையும் ஒரே நாளில் அறுக்கச் சொல்லும் கமக்காரன் இல்லை. நான்கு மாத நெல்லை மூன்றாம் மாதத்தில் பார்த்துவிட்டுப் பதர் என்று எவரும் சொல்வதில்லை. பிள்ளைகளிடத்தில் மட்டும் நாம் இந்த அறிவை மறந்துவிடுகிறோம்.

முதலாந் தரத்துக்குச் சேரும் பிள்ளைக்கு ஜனவரி 31 ஆம் திகதி ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. எனவே ஜனவரி கடைசியில் பிறந்த பிள்ளை ஐந்து வயது நிரம்பிய கையோடு சேருகிறது. பெப்ரவரி தொடக்கத்தில் பிறந்த பிள்ளை ஏறக்குறைய ஆறு வயதில் சேருகிறது. இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பரீட்சை. இடையில் ஒரு வருட வித்தியாசம். நாற்பது வயதில் ஒரு வயது பெரிதல்ல. பத்து வயதில் அது முழு வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. வினாத்தாள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. பெற்றோர் பார்க்க வேண்டும்.

அத்துடன், அளவுக்கு மிஞ்சிய அழுத்தம் பிள்ளையின் உடலிலேயே தெரியும். காலையில் வயிற்றுவலி என்று சொல்லுதல், இரவில் திடுக்கிட்டு எழும்புதல், விட்டிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் வருதல், நகம் கடித்தல், விளையாடப் பிடிக்காமல் ஒதுங்கியிருத்தல் என்பன அவதானிக்க வேண்டிய அடையாளங்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 9 மணித்தியால நித்திரை வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி, இரவு பத்து மணி வரை மாதிரி வினாத்தாள் செய்விக்கும் வீட்டில் பிள்ளைக்கு ஆறு மணித்தியாலந்தான் மிஞ்சுகிறது. நித்திரை குறைந்த பிள்ளைக்குப் படித்தது மனதில் தங்காது. வரண்ட நிலத்தில் உரம் போடுவது போன்ற வேலை இது.

நற்செய்தியில் தாலந்து உவமையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஐந்து தாலந்து பெற்றவர் மேலும் ஐந்து சம்பாதித்தார். இரண்டு பெற்றவர் மேலும் இரண்டு சம்பாதித்தார். தலைவர் இருவரையும் ஒரே சொற்களால் பாராட்டுகிறார். இரண்டு பெற்றவரிடம், "நீ ஏன் ஐந்து கொண்டுவரவில்லை?" என்று அவர் கேட்கவில்லை. ஒரு தாலந்து பெற்றவர் அதை மண்ணில் புதைத்ததற்குக் காரணம் பயம் என்பதையும் மறக்க வேண்டாம். அடிக்குப் பயந்த பிள்ளையும் தன் திறமையைப் புதைத்துத்தான் வைக்கும்.

வீட்டுச் செலவுக் கணக்கு

நான்காந் தரத்திலிருந்தே ரியூசனுக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. சில வீடுகளில் தாயின் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. சில வீடுகளில் விதைக்கும் உரத்துக்கும் வைத்த பணம் போகிறது. ஆகவே ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்காகத்தான். உங்கள் வீட்டுத் தொகையை நீங்களே இட்டுப் பாருங்கள்.

வகுப்புக் கட்டணம் மாதம் 2,500 ரூபா, போக்குவரத்து 1,000 ரூபா என்றால் மாதம் 3,500 ரூபா. நான்காம், ஐந்தாந் தரங்கள் இரண்டுக்கும் 24 மாதங்கள். மொத்தம் 84,000 ரூபா. மாதிரி வினாத்தாள் புத்தகங்களும் கருத்தரங்குகளும் இதில் சேரவில்லை. மறுபுறம், புலமைப்பரிசில் பணம் மாதம் 750 ரூபாவாக இருந்தது. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அது 1,500 ரூபாவாக உயர்த்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 1,500 ரூபா என்றால் வருடத்துக்கு 18,000 ரூபா. செலவழித்த 84,000 ரூபா திரும்பி வருவதற்கு நான்கரை வருடங்களுக்கு மேல் செல்லும். அதுவும் வெட்டுப்புள்ளியைத் தாண்டி, குடும்ப வருமானமும் விதிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தால் மட்டுமே. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய எல்லோருக்கும் பணம் கிடைப்பதில்லை என்பதைப் பலர் பெறுபேறு வந்த பின்புதான் அறிகிறார்கள்.

பாடசாலை அனுமதியும் அப்படியே. மாவட்ட வெட்டுப்புள்ளி வேறு, பிரபல பாடசாலை ஒன்று ஆறாந் தரத்துக்குக் கேட்கும் வெட்டுப்புள்ளி வேறு. இரண்டாவது பெரும்பாலும் முதலாவதை விட உயர்ந்தது. முதலாவதைத் தாண்டிய பிள்ளைக்கு விரும்பிய பாடசாலை கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

இந்தப் பரீட்சைக்குப் பின்னால் பெரும் பண வியாபாரம் வளர்ந்திருக்கிறது. 2024 செப்டெம்பரில் நடந்த பரீட்சையின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியானதாக முறைப்பாடு எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அம்மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்குவதென்று டிசெம்பர் 31 இல் தீர்வு கிடைத்தது. பெறுபேறு 2025 ஜனவரியில்தான் வந்தது. பெரியவர்களின் பேராசையினால் மூன்று இலட்சம் சிறுவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். உங்கள் விதைநெல்லை விற்று இந்தச் சந்தைக்குள் இறங்கு முன் இருமுறை சிந்தியுங்கள். மூத்த பிள்ளையின் ரியூசனுக்காக இளைய பிள்ளையின் பாலும் முட்டையும் நிற்குமானால், அது நல்ல கமக்காரனின் கணக்கு ஆகாது.

பெற்றோர் எதை எதிர்பார்க்கலாம்?

எதிர்பார்ப்பே வேண்டாம் என்பது இக்கட்டுரையின் கருத்தல்ல. எதிர்பார்ப்பில்லாத வீட்டில் பிள்ளை வளராது. எதை எதிர்பார்ப்பது என்பதே கேள்வி. ஐந்தாந் தரம் முடிக்கும் பிள்ளையிடம் பின்வருவனவற்றை நீங்கள் உறுதியோடு எதிர்பார்க்கலாம்.

ஒன்று, வாசிப்பு. பத்திரிகையில் ஒரு சிறு செய்தியைத் தடையின்றி வாசித்து, அதைத் தன் சொல்லில் சொல்ல வேண்டும். இதைச் சோதிக்க நீங்கள் படித்தவராக இருக்கத் தேவையில்லை. பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டால் போதும்.

இரண்டு, எழுத்து. மாமாவுக்கு ஒரு கடிதம், கிராம அலுவலருக்கு ஒரு சிறு விண்ணப்பம், தன் வீட்டைப் பற்றி பத்து வசனம் எழுத வேண்டும்.

மூன்று, கணக்கு. கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தல் நான்கும் கைவர வேண்டும். இதற்கு உங்கள் தொழிலே நல்ல பாடப்புத்தகம். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்றால் நாலு பரப்பு எத்தனை பங்கு? ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ என்றால் 15 புசல் எத்தனை கிலோ? வெங்காயம் விற்ற பணத்தில் குத்தகையும் கூலியும் போக மிச்சம் எவ்வளவு? சந்தையால் வந்ததும் பிள்ளையோடு இருந்து கணக்குப் பாருங்கள். சுற்றாடல் பாடத்தில் வரும் பருவமழை, காலபோகம், சிறுபோகம், மண், பூச்சி, பறவை எல்லாம் உங்கள் பிள்ளை கண்ணால் காண்பவை. நகரத்துப் பிள்ளை புத்தகத்தில் படிப்பதை உங்கள் பிள்ளை வரம்பில் நின்று படிக்கிறது. அதன் பெறுமதியைப் பிள்ளைக்கு உணர்த்துங்கள்.

நான்கு, ஒழுங்கான வரவு. களை பிடுங்கும் காலத்திலும் அரிவு வெட்டுக் காலத்திலும் சின்னப் பிள்ளையைப் பார்க்கவென்று மூத்ததை வீட்டில் மறிப்பது பல இடங்களில் நடக்கிறது. கிழமையில் ஒரு நாள் மறித்தால், பாடசாலை நாட்களில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. அந்த இழப்பை எந்த ரியூசனாலும் ஈடுசெய்ய முடியாது.

இவை நான்கும் இருந்தால், பிள்ளை வெட்டுப்புள்ளிக்கு மேலே நின்றாலும் கீழே நின்றாலும் ஆறாந் தரத்தில் தடுமாறாது. இவற்றில் குறைவு இருந்தால் வகுப்பாசிரியரிடம் போங்கள். "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்பதை விட்டு, "என்ர பிள்ளை எதில பின்னுக்கு நிக்குது? வீட்டில நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். கொப்பிகளை வாங்கிப் பாருங்கள்.

பெறுபேறு வரும் நாள்

புள்ளி வந்த அன்று பெற்றோர் சொல்லும் முதல் வசனத்தைப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் மறக்காது. ஆகவே அந்த வசனத்தை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

குறைந்த புள்ளி வந்தால், "நீ கஷ்டப்பட்டுப் படிச்சாய், அது எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியை அன்று வீட்டில் பேசாதிருங்கள். "பெயில்" என்ற சொல்லைப் பாவிக்க வேண்டாம். இந்தப் பரீட்சையில் தெரிவு உண்டே தவிர, வகுப்பேற்றத்துக்கான சித்தி, சித்தியின்மை இல்லை. தொலைபேசியில் உறவினர் கேட்டால் பிள்ளை காதில் விழத்தக்கதாக நல்லதையே சொல்லுங்கள். சில நாட்கள் கழித்து, எந்தப் பாடத்தில் குறைவு என்று அமைதியாக இருந்து பாருங்கள்.

கூடிய புள்ளி வந்தாலும் அவதானம் வேண்டும். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அவனை மட்டும் தூக்கிப் பிடித்தால், அவர்களுக்குக் காயம், அவனுக்குப் புதிய பாரம். ஆறாந் தரத்தில் புள்ளி சற்றுக் குறைந்தவுடன், "புலமைப்பரிசில் எடுத்த பிள்ளை இப்படியா?" என்ற கேள்வி வரும். சிறு வயதில் ஓடிக் களைத்த பிள்ளை, ஓட வேண்டிய வயதில் நின்றுவிடுவதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

பிள்ளையின் பாதையை உண்மையில் தீர்மானிக்கும் பரீட்சைகள் க.பொ.த. சாதாரண தரமும் உயர்தரமும். இவற்றுக்கு இன்னும் ஆறு, எட்டு வருடங்கள் இருக்கின்றன. புலமைப்பரிசில் பெறாத பிள்ளைக்கு அந்தக் கதவுகள் மூடப்படுவதில்லை. சாதாரண தரத்தின் பின் உயர்தரத்துக்கு வேறு பாடசாலைக்கு மாறவும் இடமுண்டு. ரியூசனுக்கென்று இன்று அடகு வைக்கும் நகையை அந்தக் காலத்துக்குப் பாதுகாத்து வைப்பது புத்தியான செயல்.

விடுதிக்கு அனுப்புவதா?

வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளையைத் தூரத்துப் பாடசாலைக்கு அனுப்புவதா என்பது அடுத்த கேள்வி. ஏற்கெனவே ஒருமுறை இடம்பெயர்ந்த குடும்பத்திலிருந்து பிள்ளையை மீண்டும் பிரிப்பது சின்ன முடிவல்ல. முடிவெடுக்கு முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்: பிள்ளைக்கு விருப்பமா? விடுதிச் செலவு, உடுப்பு, பயணம் எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு? விடுதியில் பிள்ளைகளைப் பொறுப்பாகப் பார்ப்பவர் யார்? சுகயீனம் வந்தால் ஓடிப்போய்ப் பார்க்க அண்மையில் உறவினர் உண்டா? மாதத்தில் எத்தனை தடவை நீங்கள் போய்ப் பார்ப்பீர்கள்? பதில்கள் திருப்தியாக இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் ஊர்ப் பாடசாலையில் படிக்க வைப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. புலமைப்பரிசில் பணம் பெறுவதற்கான விண்ணப்பம், வருமான எல்லை பற்றிய விபரங்களைப் பாடசாலை அதிபரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் கேட்டறியலாம்.

ஊராகச் செய்யக்கூடியவை

தனித்தனி வீடுகளால் முடியாததை ஊர் சேர்ந்தால் செய்யலாம். ஆலய மண்டபத்திலோ முன்பள்ளிக் கட்டடத்திலோ பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் விளக்கெரியும் படிப்பகம் ஒன்றை நடத்தலாம். உயர்தரம் படித்த இளைஞர் யுவதிகள் முறை வைத்து வந்தால் போதும். அங்கே மாதிரி வினாத்தாள் செய்வதை விட, பின்தங்கிய பிள்ளைக்கு வாசிப்புப் பழக்குவதையே முதல் வேலையாகக் கொள்ள வேண்டும். பிரதேச சபை நூலகத்தில் கேட்டால் புத்தகங்கள் பெறலாம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இன்னொன்றையும் பேசித் தீர்மானியுங்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய ஐந்து பேரின் படத்தைப் பதாகையில் போடுவதற்குப் பதிலாக, ஆரம்பக் கல்வியை முடித்த முப்பது பேரையும் மேடையில் ஏற்றி மதிப்பளிக்கலாம். செலவு கூடாது, கண்ணீர் குறையும்.

இடப்பெயர்வு எமது மக்களுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. வள்ளத்தில் ஏற்றும்போதும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றும்போதும் பிள்ளையைத்தான் முதலில் தூக்கினோம். மற்றவை பிறகு. அன்று எவரும் பிள்ளையின் புள்ளியைக் கேட்டுவிட்டுத் தூக்கவில்லை. அந்த ஒழுங்கு இன்றும் மாறாதிருக்கட்டும்.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது ஊரில் ஐந்தாந் தரப் பிள்ளை ஒன்று ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் நித்திரை கொள்கிறது, எத்தனை மணித்தியாலம் விளையாடுகிறது?

2. ஐந்தாந் தரத்தை முடித்தும் சரளமாக வாசிக்க முடியாத பிள்ளைகள் எமது ஊரில் எத்தனை பேர்? அவர்களுக்கு யார் உதவுகிறார்கள்?

3. கடந்த இரண்டு வருடங்களில் ரியூசனுக்காக எமது குடும்பங்கள் பட்ட கடன் எவ்வளவு? அதே பணத்தைச் சேர்த்து வேறு எப்படிப் பயன்படுத்தியிருக்கலாம்?

4. பெறுபேறு வரும் நாளில் எமது ஊரில் எந்தப் பிள்ளையும் அழாதிருக்க நாம் என்ன செய்யலாம்?